ஓடிகே கலெக்ட் செயலி: செட்டிநாட்டுத் தெருக்களில் ஹெல்த் சர்வே எடுக்க இது போதுமா?

முதலிலேயே மார்க் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நாலு. காசு கட்டி வாங்கும் பல சர்வே ஆப்களை விட இந்த இலவச ஆப் (ஓபன் டேட்டா கிட், சுருக்கமாக ஓடிகே) மேல். ஒரு மார்க் ஏன் போனது என்பது கடைசியில் வரும். எந்த வேலைக்கு வைத்துப் பார்த்தோம் என்று தெரிந்தால்தான் அந்த மார்க்குக்கு அர்த்தம்.

நாங்கள் காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன டிரஸ்ட். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி என்று சுற்றுவட்டார ஊர்களில் வீடு வீடாகப் போய், யார் யாருக்கு சுகர், பிரஷர் இருக்கிறது, அதில் எத்தனை பேர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்கிறோம். கேட்கப் போகிறவர்கள் எல்லாம் இந்தப் பக்கத்துப் பெண்கள், கையில் அவரவர் ஆண்ட்ராய்டு போன். முன்னால் வருடச் சந்தா கட்டி ஒரு ஆப் வைத்திருந்தோம், பெயர் வேண்டாம். சிக்னல் இல்லாத தெருவில் பாதியில் நின்றுவிடும், நின்றால் அதுவரை கேட்டதெல்லாம் போச்சு. திரும்பப் போய் "முதல்லேர்ந்து கேக்கணும் ஆத்தா" என்றால் எந்த ஆத்தா உட்காருவார்?

ஓடிகே அந்தப் பிரச்சினையை முதல் நாளே தீர்த்துவிட்டது. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய திட்டம் இது, நெட் இல்லாத ஊர்களை மனதில் வைத்தே கட்டியது. போனில் நிரப்பி வைத்துக்கொண்டு சாயங்காலம் ஆபீஸ் வைஃபையில் அனுப்பினால் போதும். தமிழ் எழுத்து சுத்தமாக வருகிறது. புது ஆள் சேர்ந்தால் கியூஆர் கோடு ஒன்றைக் காட்டினால் செட்டிங் எல்லாம் தானாக ஏறிவிடும். இவ்வளவும் எந்த விமர்சனத்திலும் கிடைக்கும், அதனால் இதோடு விடுகிறேன்.

படிவத்தை ஒரு எக்செல் ஷீட்டில் எழுத வேண்டும், எக்ஸ்எல்எஸ்ஃபார்ம் என்பார்கள். ஒரு வரிக்கு ஒரு கேள்வி. அதில் ஒரு நெடுவரிசையில் நிபந்தனை போடலாம், இன்னொன்றில் எந்தக் கேள்வி யாருக்கு வர வேண்டும் என்று சொல்லலாம். ஆணிடம் பிரசவம் பற்றிக் கேட்கும் அசட்டுத்தனம் ஒரே வரியில் ஒழிந்துவிடும். பிரஷரில் மேல் எண் கீழ் எண்ணை விடப் பெரிதாக இல்லாவிட்டால் அடுத்த கேள்விக்கே போகாது. இது பெரிய நிம்மதி, ஏனென்றால் பேப்பரில் எழுதிய காலத்தில் 80க்கு 120 என்று தலைகீழாக வந்ததை ஆபீஸில் உட்கார்ந்து ஊகித்துத் திருத்துவார்கள், ஊகத்தில் திருத்தியதற்குத் தடயமும் இருக்காது.

ஆனால் நிபந்தனையை ரொம்ப இறுக்கக் கூடாது, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். மேல் எண் 200க்கு மேல் போகக் கூடாது என்று பூட்டு போட்டால், மாத்திரையே தொடாத ஒரு பெரியவருக்கு 224 காட்டும்போது அந்தப் பெண் என்ன செய்வாள்? ஆப் விடாது, வெயில் ஏறுகிறது, 200 என்று போட்டுவிட்டு நகர்வாள். யாரை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டுமோ அவருடைய எண்தான் பொய்யாகும். அதனால் நடக்கவே முடியாத எண்ணுக்கு மட்டும் பூட்டு, அபூர்வமான எண்ணுக்கு "திரும்ப அளந்து பார்த்தேன், சரிதான்" என்று ஒரு டிக். அந்த டிக் கேள்வி வகை ஓடிகேயில் தயாராகவே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது ஆடிட் என்ற வசதி. ஷீட்டில் ஒரு வரி சேர்த்தால் போதும், எந்தக் கேள்வியில் எத்தனை நேரம் நின்றார், எந்தப் பதிலை மாற்றினார், எங்கே நிபந்தனையில் இடித்துக்கொண்டார் என்பதெல்லாம் பின்னால் பதிவாகிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டெப்ஸ் முறைப்படி, பிரஷர் பார்க்கும் முன் 15 நிமிடம் சும்மா உட்கார வைக்க வேண்டும், மூன்று முறை அளக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 3 நிமிட இடைவெளி, கடைசி இரண்டின் சராசரிதான் கணக்கு. பயிற்சி வகுப்பில் எல்லாரும் தலையாட்டுவார்கள். மூன்று எண்ணும் அரை நிமிடத்துக்குள் ஏறியிருந்தால் அளந்தது ஒரு முறைதான் என்று ஆடிட் சொல்லிவிடும். கூடவே கடைசி இலக்கத்தையும் பாருங்கள். டிஜிட்டல் மெஷினில் உண்மையிலேயே அளந்தால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வரும். 120, 130, 140 என்று பூஜ்யமாகவே குவிந்தால் மெஷின் பையை விட்டு வெளியே வரவில்லை என்று அர்த்தம்.

வயதிலும் இதே சங்கதிதான். 45, 50, 60 என்று குவியும், மக்கள்தொகைக் கணக்குக்காரர்கள் இதை அளக்கவே விப்பிள் குறியீடு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். செட்டிநாட்டில் இதில் ஒரு வேடிக்கை உண்டு. நகரத்தார் வீடுகளில் ஜாதகம் பெட்டியில் இருக்கும், அறுபதாம் கல்யாணம், எண்பது சாந்தி எல்லாம் செய்து, போட்டோவும் சுவரில் தொங்கும், ஆச்சி நட்சத்திரத்தோடு வயதைச் சொல்லிவிடுவார். இரண்டு தெரு தள்ளிக் கூலி வேலைக்குப் போகிற அப்பத்தாவைக் கேட்டால் "அறுவது இருக்கும்" என்பார், அடுத்த வருடம் கேட்டாலும் அறுபதுதான். தனுஷ்கோடிப் புயல் (1964) அடித்தபோது பள்ளிக்கூடம் போனீர்களா, எம்.ஜி.ஆர். செத்தபோது (1987) மூத்த பிள்ளைக்கு என்ன வயது என்று கேட்டுக் கேட்டுத்தான் நெருங்க முடியும். இந்த வருடங்களைப் படிவத்திலேயே குறிப்பாகப் போட்டு, சொல்லும் வயதோடு ஆப்பையே ஒத்துப்பார்க்க வைக்கலாம். நாங்கள் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

சரி, இதெல்லாம் கிடைத்த பதிலின் தரம். கிடைக்காத பதிலை என்ன செய்வது? இந்த ஆப்பை வைத்திருப்பவர்களில் பலர் கோட்டை விடுவது இங்கேதான் என்று நினைக்கிறேன். பேட்டி கிடைத்த வீட்டுக்கு மட்டும் படிவத்தைத் திறக்கிறார்கள். பூட்டிய வீடு, "அப்புறம் வா" என்ற வீடு, கதவைச் சாத்திய வீடு எதற்கும் பதிவே கிடையாது. கடைசியில் ஆயிரம் படிவம் வந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள், எத்தனை கதவைத் தட்டி ஆயிரம் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கதவுக்கும் ஒரு படிவம், தட்டுவதற்கு முன்னாலேயே திறக்க வேண்டும், முதல் கேள்வியே "இந்தக் கதவில் என்ன நடந்தது" என்பதாக இருக்க வேண்டும். ஓடிகேக்கு இது ஒரு வேலையே இல்லை, பேட்டி இல்லை என்றால் மீதிக் கேள்விகள் மறைந்து அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

செட்டிநாட்டில் இது வேறு எந்த ஊரையும் விட முக்கியம். தெருவுக்குத் தெரு பூட்டிய வீடுகள். சொந்தக்காரர்கள் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள், கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான் கதவு திறக்கும். யாருமே குடியிருக்காத வீடும், ஆள் இருந்தும் அந்த நேரத்தில் பூட்டிக்கொண்டு வயலுக்குப் போன வீடும் பார்வைக்கு ஒரே பூட்டுதான். கணக்கில் இரண்டும் வேறு. உதாரணத்துக்கு 100 கதவு என்று வைத்துக்கொள்வோம், 30இல் யாருமே குடியில்லை, 49இல் பேட்டி முடிந்தது, மீதி 21இல் ஆள் இருந்தும் கிடைக்கவில்லை அல்லது மறுத்துவிட்டார்கள். எல்லாப் பூட்டையும் ஒன்றாகப் போட்டால் பதில் கிடைத்த விகிதம் 49 சதவீதம். ஆள் குடியிருக்கும் 70 வீட்டை மட்டும் வைத்தால் 70 சதவீதம். முதல் எண்ணைப் பார்த்தால் சர்வே தோல்வி என்று தோன்றும், இரண்டாவதைப் பார்த்தால் போன 21 யார் என்று தேடத் தோன்றும். தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019-21) வீடுகளில் 98 சதவீதம் பதில் என்று போட்டிருப்பதும் ஆள் குடியிருந்த வீடுகளை வைத்துத்தான். அதனால் பூட்டைப் பார்த்தால் பக்கத்து வீட்டில் விசாரித்து, எந்தப் பூட்டு என்று குறித்த பிறகுதான் நகர வேண்டும்.

இன்னொரு விஷயம், பூட்டிய பெரிய வீட்டின் பின்கட்டில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் குடும்பம் ஒன்று பெரும்பாலும் இருக்கும். முகப்பில் பூட்டு தொங்குகிறதே என்று போய்விட்டால் அவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள். "வீட்டுக்காரக மெட்ராஸ்ல இருக்காக, நாங்க சும்மா பாத்துக்கிறோம்" என்று அவர்களே தங்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். சுகர் இருந்தும் தெரியாமல் இருப்பவர்கள் அங்கேதான் அதிகம் என்பது என் எண்ணம், அவர்களை விட்டுவிட்டு எடுக்கிற சர்வேயை எதற்கு எடுக்க வேண்டும்?

பங்காளிகள் பாகம் பிரித்த வீடு இன்னொரு சிக்கல். ஒரே வீட்டுக்குள் பல புள்ளிகள் (நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி), ஆளுக்கு ஓர் அறை, சில அறைகள் பூட்டு, சில அறைகளில் வயதான ஆச்சி மட்டும் தனியாகப் பொங்கிச் சாப்பிடுகிறார். கோயில் வரிக்குப் புள்ளிக் கணக்கு சரி, சர்வேக்கு அடுப்புக் கணக்குதான். ஓர் அடுப்பு ஒரு குடும்பம். அப்புறம் அந்த நீள வீடுகள், முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். இரண்டு பெண்கள் இரண்டு தெருவைப் பிரித்துக்கொண்டு போனால் ஒரே வீடு இரண்டு முறை பட்டியலில் ஏறிவிடும். முகப்பு இருக்கும் தெருவில் மட்டும்தான் பதிவு என்று விதி வைத்து, வீட்டு விலாசத்தையும் எழுதச் சொன்னோம், இங்கே கதவு எண்ணை விட இனிஷியல் விலாசம்தான் (முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள்) ஊருக்கே தெரியும். ஜிபிஎஸ் பதிவை உள்ளே பட்டாலையில் நின்று எடுத்தால் அந்தக் கனத்த சுவருக்கு நடுவில் துல்லியம் வராது, ஓடிகே 5 மீட்டர் துல்லியம் வரும் வரை காத்துக்கொண்டே இருக்கும். திண்ணையில் நின்று எடுங்கள்.

கதவு திறந்த பிறகு யாரிடம் கேட்பது? பகல் பதினோரு மணிக்கு யார் வீட்டில் இருப்பார்களோ அவர்களிடமே கேட்டால் சர்வே முழுக்க வயதான பெண்களாக இருக்கும். தேசிய ஆய்விலேயே பெண்களில் 97 சதவீதம் பதில் கிடைத்தபோது ஆண்களில் 92தான். வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லாரையும் பட்டியல் போட்டு, ஆப்பையே ஒருவரைக் குலுக்கி எடுக்க வைத்தோம். வந்த பெயர் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்குப் போன மகனுடையது என்றால் சாயங்காலம் திரும்பப் போகத்தான் வேண்டும், பக்கத்தில் இருக்கும் மாமியாரை வைத்து ஒப்பேற்ற முடியாது. குலுக்கலில் வந்த பெயரை மாற்ற முடியாதபடி படிவத்தை எழுதலாம், பின்னால் போய்த் திருத்துவதை அட்மின் பாஸ்வேர்டு போட்டு அடைத்தும் வைக்கலாம். கேட்கும் பெண்களுக்கு முதலில் இதில் கோபம்தான். ஆனால் ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்காமல் நாள் சம்பளம் கொடுத்தால் அந்தக் கோபம் அடங்கிவிடும். படிவத்துக்குக் காசு என்று வைத்துவிட்டு அப்புறம் ஏன் மரத்தடியில் உட்கார்ந்து நிரப்புகிறார்கள் என்று கேட்பது நியாயமே இல்லை.

எந்த மாதத்தில் போகிறோம் என்பதற்கு ஆப் ஒன்றும் செய்யாது. தை மாதம் பழநிப் பாதயாத்திரைக்குப் பாதித் தெரு கிளம்பிவிடும், மஞ்சுவிரட்டு வேறு. நூறு நாள் வேலை நடக்கும்போது காலையில் பெண்கள் கண்மாய்க்கரையில் இருப்பார்கள். மாலை ஐந்தரை மணிக்கு மேல்தான் எங்களுக்குக் கை கொடுத்தது.

மறுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் போனைக் கையில் எடுத்தாலே "ஓடிபி கேப்பியா?" என்பதுதான் முதல் கேள்வி. "இதை வச்சு ஆயிரம் ரூபாயை நிறுத்திடுவீகளா?" என்பது அடுத்தது, 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத்தொகை வந்ததிலிருந்து பைக், ஏசி பற்றிக் கேட்டால் முகம் மாறிவிடுகிறது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கி விவரம் எதுவும் கேட்க மாட்டோம் என்பதை அறிமுகத்தின் முதல் வரியாகவே படிவத்தில் போட்டோம், சொத்துக் கேள்விகளைக் கடைசிக்குத் தள்ளினோம், பிரஷர் பார்ப்பதை முன்னால் கொண்டுவந்தோம். பார்த்த எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்துவிட வேண்டும், அது ரொம்ப முக்கியம். ஒரு வீட்டில் அட்டை கொடுத்தால் எதிர்வீட்டு ஆச்சியே "எனக்கும் பாருத்தா" என்று கூப்பிடுவார். சர்வேக்கு எடுத்த பட்டியலில் இல்லாத வீடு என்றால் பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு வரலாம், படிவத்தில் ஏற்றக் கூடாது. ஆள் கிடைக்காத வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீடு என்ற பேச்சே கூடாது, எளிதில் கிடைக்கிறவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் சர்வேயின் சாம்பிளே கோணலாகிவிடும்.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, நல்ல விஷயம்தான், ஆனால் "போன வாரந்தானே ஒரு பொண்ணு எழுதிட்டுப் போச்சு" என்ற அலுப்பும் கூடவே வருகிறது. மாத்திரை கொடுக்கிறவரே சர்வேக்கும் போனால் கதவு சுலபமாகத் திறக்கும், பதில் மட்டும் உண்மையாக இருக்காது, அவர் முகத்தைப் பார்த்து "மாத்திரை சாப்பிடுறதில்லை" என்று யார் சொல்வார்கள்? அதனால் பேச்சு வழக்கு தெரிந்த, ஆனால் அந்தத் தெருவில் உறவு இல்லாத பக்கத்து ஊர்ப் பெண்ணை அனுப்புகிறோம். குடிப் பழக்கம் பற்றிய கேள்விகளுக்கு ஓடிகேயில் ஒரு நல்ல வழி உண்டு, கேள்வியைக் குரலில் பதிந்து வைத்து, ஹெட்போனோடு போனை அவர் கையிலேயே கொடுத்துவிடலாம், அவரே கேட்டு அவரே தொட்டுவிடுவார். மனைவி பக்கத்தில் நின்றாலும் என்ன தொட்டார் என்று தெரியாது.

பேட்டி ஒலியைப் பின்னணியில் பதிவு செய்யும் வசதியும் இருக்கிறது. சம்மதம் வாங்காமல் அதைத் தொடாதீர்கள். சம்மதம் கேட்டால் சிலர் எழுந்தே போய்விடுவார்கள் என்பதால் நாங்கள் அதை விட்டுவிட்டு, முடிந்த படிவங்களில் சிலதைக் குலுக்கி எடுத்து, மேற்பார்வையாளர் திரும்பப் போய் வயது, வீட்டில் எத்தனை பேர், பிரஷர் பார்த்தார்களா என்று மூன்று நான்கு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு வருகிறோம். சென்ட்ரல் என்ற சர்வர் பகுதியில் படிவத்துக்குப் படிவம் சரி, பிரச்சினை, நிராகரிப்பு என்று குறித்து, என்ன சந்தேகம் என்று எழுதியும் வைக்கலாம். அன்றன்று பார்த்துவிட வேண்டும், மாதக் கடைசியில் பார்த்தால் திருத்தப் போக ஆளும் இருக்காது, ஞாபகமும் இருக்காது.

இப்போது அந்த ஒரு மார்க். எக்செல்லில் படிவம் எழுதுவது சாமானியருக்கு லேசில் வராது, ஓர் அடைப்புக்குறி விட்டாலும் வரும் பிழைச் செய்தியைப் புரிந்துகொள்ளக் கணினி தெரிந்த தம்பி ஒருவர் பக்கத்தில் வேண்டும். சென்ட்ரல் சர்வரைச் சொந்தமாக வைத்தால் மென்பொருள் இலவசம், ஆனால் சர்வர் வாடகையும் அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் உங்கள் செலவு, அவர்களிடமே வைத்தால் சந்தா. கலெக்ட் ஐபோனில் ஓடாது. எக்செல், சர்வர் வேலையெல்லாம் முடியாது என்கிறவர்கள் கோபோடூல்பாக்ஸ் என்ற இன்னொரு சர்வே ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதாபிமானப் பணிப் பிரிவில் வளர்ந்தது, போனில் ஓடுவது ஓடிகேயிலிருந்து பிரிந்த ஆப்தான், கேள்விகளைத் திரையிலேயே அடுக்கிப் படிவம் செய்யலாம், தொண்டு நிறுவனங்களுக்கு ஒரு வரம்பு வரை இலவசம். எங்கள் படிவம் சிக்கலானது என்பதால் நாங்கள் ஓடிகேயோடு இருந்துவிட்டோம், சின்ன சர்வேக்குக் கோபோவே தாராளம்.

ஒன்று மட்டும் யார் எதை எடுத்தாலும் செய்யுங்கள். கதவுக்கு ஒரு படிவம் என்று வைத்தால் உங்கள் கையில் ஊரில் எந்தெந்தப் பெரிய வீடு ஆளில்லாமல் கிடக்கிறது என்ற பட்டியல் ஜிபிஎஸ்ஸோடு சேர்ந்துவிடும். தேக்குத் தூணும் பழைய சாமானும் இருக்கிற ஊரில் அந்தப் பட்டியல் வெளியே போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஓடிகேயில் படிவத்தையே என்கிரிப்ட் செய்யலாம், முடித்த படிவத்தைப் போனைத் தொலைத்தாலும் யாரும் படிக்க முடியாது. பதிலுக்கு, பிரவுசரில் திறந்து திருத்தும் வசதி போய்விடும், அதைத் திறக்கும் ரகசிய வாக்கியத்தை (பாஸ்ஃபிரேஸ்) மறந்தால் தரவு போனது போனதுதான், ஓடிகேக்காரர்களாலும் மீட்டுத் தர முடியாது. நாங்கள் அதை ஒரு பேப்பரில் எழுதி டிரஸ்ட் பீரோவில் வைத்திருக்கிறோம், சாவி இரண்டு பேரிடம்.